பிரேமகுமாரி: அனுமதி இலவசம்

தன் கணவன் ட்ரம்பெட் ஊதிப் பிரேமகுமாரி பக்கத்திலிருந்து ஒரு பாட்டை முழுசாகக் கேட்டதே இல்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.

சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். திருத்தணியைச் சுற்றிப் பத்து மைலுக்கு எலியாஸின் ட்ரம்பெட் கேட்காத காது கிடையாது. ஆடிக் கிருத்திகைக் காவடிக்கு முன்னால் ஊதியிருக்கிறான். ஆர்.கே.பேட்டைத் தறிக்காரர் வீட்டு மாப்பிள்ளை அழைப்புகளில் ஊதியிருக்கிறான். சாவுகளுக்குக் கணக்கே இல்லை. அவளும் தூரத்தில் கேட்டிருக்கிறாள்தான். ஆனால் பேண்டில் பதினோரு பேர். அத்தனை சத்தத்தில் தன் புருஷனுடையது எது என்று பிரித்தெடுக்க அவளுக்குத் தெரிந்ததில்லை. வீட்டில் ஊதச் சொல்லவும் முடியாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை ஆசையாகக் கேட்டாள், அவனும் ஊதினான். இரண்டாவது நிமிடத்தில் கே.ஜி.கண்டிகை முழுவதும் வாசலில் நின்றது. ஒருவர் கையில் மாலையே இருந்தது.

ஆகவே அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சிவப்புக் கோட்டு, அதன் கழுத்துப்பட்டை வியர்வை, உப்புத் தண்ணீரில் கழுவி ஜன்னலில் காயவைக்கும் ஊதுமுனை. அவன் வேலை மிச்சம் வைத்ததையெல்லாம் அவள் அறிவாள். வேலையை அறியாள்.

இந்த நிலையில்தான் பொது நிகழ்வு நுழைவுச்சீட்டுத் தேடல் ஆணையத்திலிருந்து எலியாஸுக்கு ஒரு கடிதம் வந்தது. அரக்கோணம் சாலையில் ஆணையத்துக்குச் சொந்தமாக அரங்கம் இருக்கிறது. அதில் தை மாதக் கடைசிச் சனிக்கிழமை 'வட்டாரக் கலைஞர் மாலை'. எலியாஸ் தனியாகப் பன்னிரண்டு நிமிடம் ஊதவேண்டும்.

"உக்காந்துகினு ஊதணுமாம்" என்றான், கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. "நடக்காம ஊதினா எனக்கு மூச்சு வருமான்னே தெரியலயே."

"நான் வரேன்" என்றாள் பிரேமகுமாரி. மூச்சைப் பற்றிப் பேசுகிறவனுக்கு இது பதிலில்லை என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் அவள் வாயில் அதுதான் வந்தது.

நிகழ்ச்சிக்குக் கட்டணமில்லை. சீட்டு மட்டும் வேண்டும். சீட்டை ஆணையத்தின் 'காண்க' என்னும் இணையச் சேவையில் தேடி எடுக்கவேண்டும். கலைஞர் குடும்பத்துக்கு ஒதுக்கீடு உண்டா என்று எலியாஸ் கேட்டதற்கு, சமத்துவத்தை முன்னிட்டு எல்லாருமே தேடித்தான் பெறவேண்டும் என்று பதில் வந்தது. அவன் ஒத்திகைக்காக அரக்கோணத்தில் இருக்கும் பேண்டுக் கொட்டகைக்குத் தினமும் போக ஆரம்பித்தான். அங்கேயும் அவள் வரக்கூடாது என்றுவிட்டான். தப்பு விழும் இடத்தில் பெண்டாட்டி நிற்கக்கூடாதாம்.

சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை முடித்து வந்த பிரேமகுமாரி, சென்னையில் இருக்கும் மகன் வாங்கித் தந்த போனை எடுத்துக்கொண்டு பக்கத்துவீட்டு வரலட்சுமியிடம் போனாள். வரலட்சுமி பவர்லூம் ஓட்டுகிறவள், போன் விவரம் தெரிந்தவள். 'எலியாஸ் ட்ரம்பெட்' என்று தட்டினார்கள்.

'பெயர் சொல்லித் தேடும் வசதி மேம்படுத்தப்பட்டு நீக்கப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. அதற்குக் கீழே, 'எங்கள் புதிய வசதியைப் பயன்படுத்துங்கள்: அருகாமைத் தேடல்.'

அமுக்கினார்கள். பக்கம் முழுவதும் தெலுங்காக மாறிவிட்டது.

கண்டிகையில் இது புதிதில்லை. மழை மேகம் திரண்டாலும், காற்று வடக்கே திரும்பினாலும், சில நாள் ஒன்றுமே இல்லாமலும் இங்கத்து போன்கள் ஆந்திர டவருக்குத் தாவிவிடும்.

"நீ தெலுங்குக்காரிதானே, படிடீ" என்றாள் பிரேமகுமாரி.

"பேசச் சொல்லு வதினா, பொழுதன்னிக்கும் பேசறேன். எழுத்தைப் பாத்தா தறியில சிக்கின நூலு மாதிரி கீது. நான் படிச்சது ரெட்டியார் இஸ்கூல்ல தமிழு."

மறுநாள் திருத்தணிப் பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில் இருந்த ஆணையத்தின் நேரடி உதவி மையத்துக்குப் போனாள். உதவி அலுவலர் விஜயன் அவளுடைய போனை வாங்கிப் பார்த்தார். தன் கணினியையும் பார்த்தார்.

"நீங்க இப்ப ஆந்திராவுல இருக்கீங்கம்மா."

"உங்க மேசைக்கு முன்னாடி நிக்கறேன் சார்."

"மேசை தமிழ்நாட்டுலதான் இருக்கு. அதுல சந்தேகமே இல்ல. உங்க விஷயத்துலதான் சிஸ்டம் ஒத்துக்க மாட்டேங்குது." கோபமில்லாத மனிதர். உண்மையாகவே உதவ விரும்பினார். "ஒண்ணு பண்ணுங்க. மணவூர் ஸ்டேஷன் பக்கம் போயிடுங்க. அங்க டவர் சுத்தமா தமிழ்நாடு."

பிரேமகுமாரி அரை நாள் விடுப்புப் போட்டு, அரக்கோணத்தில் ரயில் மாறி மணவூருக்குப் போனாள். நடைமேடையில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் திருத்தணிக்காரர்கள். அவளும் தூக்கினாள். தமிழ் வந்தது. 'வணக்கம். உங்களுக்கு அருகில் நிகழ்ச்சி ஏதுமில்லை. திருத்தணி உங்களுக்கு அருகில் இல்லை.'

"நானும் மூணு தபா வந்துட்டேன்" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். "ஊருல நின்னா வேற மாநிலம்ன்றான். இங்க வந்தா ஊரு தூரம்ன்றான். நடுவுல ஓடுற ரயிலுலதான் எங்கியோ கீது அந்த நிகழ்ச்சி."

திரும்பும் ரயிலில் அவள் நிலையத்துக்கு நிலையம் அமுக்கிப் பார்த்தாள். ஓரிடத்தில் 'கலைஞர் மாலை' என்ற எழுத்துகள் தோன்றின. ஏழு நொடி இருந்தன. 'கண்டுபிடித்துவிட்டீர்கள்! வாழ்த்துகள்!' என்று பூத்தூவிவிட்டு மறைந்தன.

மறுபடி மையத்துக்குப் போனபோது அங்கே பந்தல் போட்டிருந்தது. புதிய வசதிகளின் அறிமுக விழா. புகார் சொல்ல வரிசையில் நின்ற இருபத்தாறு பேரையும் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்வையாளர்களாக்கிவிட்டார்கள். ஆணையத்தின் மேம்பாட்டு இயக்குநர் கஜபதி பேசினார். மெலிந்த உடம்பு, இனிமையான குரல். சொல்வதை முழுக்க நம்புகிறவரின் முகம்.

"முன்பெல்லாம் ஒருவர் ஒரு நிகழ்ச்சியின் பெயரைத் தட்டினால் அந்த நிகழ்ச்சியே வந்துவிடும். இதை ஒரு பெருங்குறையாக நாங்கள் கண்டறிந்தோம். தேடல் சேவை என்று பெயர் வைத்துக்கொண்டு மக்களைத் தேடவே விடாமல் செய்திருக்கிறோம்! அப்போது ஒருவர் நம்முடன் செலவிட்ட நேரம் சராசரி நாற்பது நொடி. இன்று எவ்வளவு தெரியுமா? பதினொரு நாள். பதினொரு நாள் ஒருவர் நம்மை விட்டுப் பிரியாமல் இருக்கிறார் என்றால், அதை அன்பு என்று சொல்லாமல் என்னவென்று சொல்வது?"

ஊழியர்கள் கைதட்டினார்கள்.

"சீட்டுக் கிடைக்கவில்லை என்று சிலர் வருந்துகிறார்கள். சீட்டு என்பது ஒரு முடிவு. நாங்கள் தொடக்கங்களில் நம்பிக்கை உள்ளவர்கள். இன்றுமுதல் 'மனநிலைத் தேடல்' வருகிறது. இனி எந்த நிகழ்ச்சி என்று நீங்கள் சொல்லவேண்டாம். என்ன உணர்கிறீர்கள் என்று சொல்லுங்கள். நிகழ்ச்சி உங்களைத் தேடும். 'பின்தொடர்க' வசதியும் உண்டு. நிகழ்ச்சி இடம் மாறினாலும் உங்கள் சீட்டு அதன் பின்னாலேயே போகும். ஏனென்றால் நாங்கள் ஒருபோதும் ஓரிடத்தில் நிற்பதில்லை."

விழா முடிந்ததும் விஜயன் முன்னால் அவள் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கம்மா. இன்னா உணர்றீங்க?"

இந்தக் கேள்வியைப் பிரேமகுமாரியிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறார்கள். உடம்புக்கு என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அவள் திரையைப் பார்த்தாள். அறுபத்துநான்கு உணர்வுகள் வரிசையாக இருந்தன. மகிழ்ச்சியில் மட்டும் பத்தொன்பது வகை.

அவள் மனதுக்குள் இறங்கிப் பார்த்தாள். அவன் நன்றாக ஊதமாட்டானோ என்ற பயம் இருந்தது. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், அதற்குப் பின்னால் இன்னொரு பயம் மறைந்து நின்றது. ஒருவேளை அவன் மிக நன்றாக ஊதினால்? அப்படியானால் இத்தனை வருஷம் அவள் யாரோடு குடும்பம் நடத்தினாள்? சோறு போட்டாள், சண்டை போட்டாள், கோட்டைத் துவைத்தாள். தெரியாத ஒரு மனிதன் ராத்திரி ராத்திரி வந்து பக்கத்தில் படுத்திருக்கிறான்.

"இதுல இல்லைங்களே சார், எனக்கு இருக்கிறது."

"இல்லாதது எதுவும் உங்களுக்கு இருக்க முடியாதும்மா. நிபுணர் குழு ஆறு மாசம் உக்காந்து போட்ட பட்டியல்." அவரே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். "கவலை, மிதமானது. சரியா?"

அடுத்து ஒரு சிக்கல். தேடுபவருக்கான படிவம் அன்றைக்கு மேம்பாட்டில் இருந்தது. நிகழ்ச்சி நடத்துபவருக்கான படிவம் மட்டுமே திறந்தது. "பரவால்ல, இதுல போட்டா உள்ள போய் அதுல சேந்துக்கும்" என்று விஜயன் அதையே நிரப்பினார். பெயர் என்ற இடத்தில் பிரேமகுமாரி. இடம், கே.ஜி.கண்டிகை, வீட்டு விலாசம். தொடங்கும் நாள் என்று கேட்டது. அவர் அவளுடைய பிறந்த தேதியைப் போட்டார். முடியும் நாளை விட்டுவிட்டார். அவளைப் படமும் எடுத்தார்.

மூன்றாம் நாள் பிற்பகல் அவள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, ஆட்டோவிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்திருந்தார்கள். கணவன், மனைவி, கைக்குழந்தை.

"பிரேமகுமாரி இங்கதானுங்களே?" என்று மனைவி போனைக் காட்டினாள். அதில் பிரேமகுமாரியின் முகம் இருந்தது. 'பிரேமகுமாரி. கவலை, மிதமானது. 1973 முதல் தொடர்கிறது. அனுமதி இலவசம். இருக்கைகள்: வரம்பில்லை.'

அவர்கள் மரியாதையாக எதிரில் குந்திக்கொண்டார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கீரையையே ஆய்ந்தாள். அரைமணி நேரம் பார்த்தார்கள். எழுந்து போகும்போது அந்தக் கணவன் சொன்னான்: "நல்லா இருந்துச்சிங்க. அந்தக் காம்பைக் கிள்ளி ஓரமா போட்டீங்க பாருங்க, நம்ம வூட்ல பாத்த மாதிரியே இருந்திச்சி." மனைவி நான்கு நட்சத்திரம் போட்டாள். குழந்தை அழுததால் ஒன்று குறைத்துக்கொண்டாளாம்.

மறுநாள் ஒன்பது பேர். அதற்கு மறுநாள் முப்பது. 'காண்க' சேவையில் தேடினால் உண்மையிலேயே கிடைக்கிற ஒரே நிகழ்ச்சி அவள்தான் என்று பேசிக்கொண்டார்கள். எல்லை தாண்டி நகரிப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். டவர் எந்தப் பக்கம் தாவினாலும் அவள் அருகிலேயே இருந்தாள். வரலட்சுமி பாய் விரித்துப்போட்டு, செருப்பு விட இடம் காட்டினாள். "முதல் பாதி இழுவை" என்று ஒருவர் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினாள்.

எலியாஸிடம் இருவரும் சொல்லவில்லை. அவன் அரக்கோணத்திலிருந்து திரும்ப ஏழு ஆகும். அதற்குள் கூட்டம் கலைந்துவிடும். சொன்னால் சிரிப்பான், பிறகு யோசிப்பான். யோசித்தால் அவனுக்கு மூச்சு இறங்கிவிடும்.

அவள் விஜயனிடம் ஓடினாள். "சார், என்னை ரத்து பண்ணுங்க."

"ஆரம்பிச்ச நிகழ்ச்சியை ரத்து பண்ண முடியாதும்மா. 1973லயே ஆரம்பிச்சிட்டீங்க."

"என் வூட்டுக்காரர் நிகழ்ச்சிக்கு ஒரு டிக்கெட்டாவது?"

"நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி டிக்கெட் எடுக்க வழியில்லையேம்மா."

கஜபதியே அறையிலிருந்து வெளியே வந்து அவளைக் கும்பிட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "ஆணையத்தின் வரலாற்றில் தேடிக் கிடைத்த முதல் நிகழ்வு நீங்கள். எங்களுக்கே இது எப்படி நடந்தது என்று தெரியவில்லை. ஆராய்ச்சிக் குழு போட்டிருக்கிறோம்."

சனிக்கிழமை வந்தது. எலியாஸ் மூன்று மணிக்கே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வாசலில் நின்று, "டிக்கெட்டு?" என்றான்.

"நீ போ. நான் வந்துடுவேன்."

எப்படி வருவாள் என்று அவளுக்குத் தெரியாது. அரங்கத்தின் வெளிச்சுவரில் காதை வைத்துக் கேட்கவாவது கிடைக்காதா என்று நினைத்துக்கொண்டு, ஐந்து மணிக்குப் புடவை மாற்றி வெளியே வந்தாள். நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

"இன்னிக்கி இல்லிங்க. நான் வெளிய போறேன்."

"அதனால இன்னா? சீட்டு பின்னாடியே வரும்னு போட்டிருக்காங்களே" என்று அவர்களும் பேருந்தில் ஏறினார்கள்.

அரங்க வாசலில் காவலாளி பாலமுருகன் கையில் கருவியோடு நின்றான். உள்ளே அறுநூறு இருக்கைகளும் காலி. அறுநூறு சீட்டுகளும் அந்த நேரத்தில் பல ஊர்களில் தேடப்பட்டுக்கொண்டிருந்தன. அவளுடைய போனைக் கருவியில் காட்டச் சொன்னான். கருவி கூவியது. அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"ஐயோ, நீங்க நிகழ்ச்சிங்க. நிகழ்ச்சி இந்த வழியா போகக்கூடாது. பின்னாடி மேடை வாசல் கீது, அங்க போங்க."

"தம்பி, நான் சும்மா ஓரமா நின்னு..."

"ஓரமால்லாம் நிக்கக்கூடாதும்மா. நிகழ்ச்சின்னா மேடையிலதான் இருக்கணும். என் வேலைக்கு வேட்டு வெச்சிடாதீங்க."

அவள் பின்பக்கம் போனாள். நிகழ்ச்சி உள்ளே போய்விட்டதால் அதன் சீட்டு வைத்திருந்த நாற்பது பேரையும் பாலமுருகன் முன்வாசல் வழியாக விட்டான். விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது.

மேடை மறைவில், திரைச்சீலைக்குப் பக்கத்தில் எலியாஸ் வியர்த்துப்போய் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"இன்னா பிரேமா, இந்தப் பக்கமா வர?"

"டிக்கெட்டு கிடைக்கல. அதான் மேடையில உக்காந்துக்கோன்னுட்டாங்க."

"டிக்கெட்டு இல்லாதவங்களையா மேடையில வுடறாங்க?"

"அவங்க விதி அது."

அவன் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தான். முன்வரிசைகளில் ஜனம். கைக்குழந்தைக்காரி, நகரிக்காரர்கள், சீட்டே இல்லாமல் புகுந்துவிட்ட வரலட்சுமி.

"ஒரு மணி நேரமா காலியா கெடந்துச்சே. இத்தினி பேரும் எனக்கா வந்தாங்க?"

அவன் குரலில் இருந்தது என்னவென்று அவளுக்கு உடனே புரிந்தது. அறுபத்துநான்கில் அது நிச்சயம் இருக்காது. பிணத்துக்காகக் கூடியவர்கள் முன்னால், மாப்பிள்ளைக்காகக் கூடியவர்கள் முன்னால் ஆயுசு முழுக்க ஊதியவன் கேட்கிற கேள்வி அது.

"ஆங்" என்றாள். "உனக்குதான்."

மேடையில் இரண்டு நாற்காலிகள் போட்டார்கள். அவளுடையது ஓரத்தில், மைக் ஒயர் சுவரில் சொருகியிருந்த இடத்துக்குப் பக்கத்தில். கூட்டம் அவளைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டியது. எலியாஸ் அது தனக்கென்று நினைத்துத் தலைவணங்கினான். உட்கார்ந்தான். ஊதினான்.

முதல் மூச்சு சரியாக வரவில்லை. இரண்டாவதும் உடைந்தது. மூன்றாவதில் ஒரு பாட்டு எழுந்தது. சத்தமே இல்லை. அத்தனை பெரிய பித்தளையிலிருந்து, சுவருக்கு அந்தப்பக்கம் படுத்திருக்கும் ஒருவரை எழுப்பாமல் கூப்பிடுவதுபோல் ஒரு ஓசை வந்தது. மேலே போகப்போக இன்னும் மெலிந்தது. இடது கண்ணை மட்டும் மூடிக்கொள்கிறான் என்பதை அவள் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தக் கண் அப்படி மூடி அவள் பார்த்ததில்லை.

அவளுக்கு அழுகை வந்தது. அடுத்த கணமே அது அழுகை இல்லை, கோபம் என்று தெரிந்தது. இதை வெளியே கொண்டுபோய் யார் யாருக்கோ ஊதிவிட்டு வந்திருக்கிறான். வாழ்நாளெல்லாம் இதைக் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு அப்போது உயிரே இல்லை. உயிரோடு அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். பற்களைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, அவனை அறையவேண்டும்போலவும் கட்டிக்கொள்ளவேண்டும்போலவும் அவள் உட்கார்ந்திருந்தாள். நாற்பது பேரும் இமைக்காமல் அவளையே பார்த்தார்கள். கீரை ஆய்ந்தபோது இவ்வளவு இல்லையே என்று ஒருவருக்கொருவர் கிசுகிசுத்தார்கள்.

பாட்டு முடிந்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. எலியாஸ் எழுந்து மூன்று திசைக்கும் வணங்கினான். கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது, அதைக்கூடக் கவனிக்கவில்லை.

அப்போது கஜபதி மைக்கை நோக்கி விரைந்து வந்தார். கையில் ஒரு காகிதம். "பெரியோர்களே! இன்று இங்கே எழுந்த கைதட்டல் யாருக்கானது என்பதைத் தெளிவுபடுத்துவது ஆணையத்தின் கடமை. சீட்டுப் பதிவேட்டின்படி இங்கே வந்துள்ள நாற்பது பேரும்..."

பிரேமகுமாரி நாற்காலியிலிருந்து குனிந்தாள். சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள்.

கஜபதி நிறுத்தவில்லை. ஒலி போனதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. முகம் மலர, கைகளை விரித்து, காகிதத்தைப் பார்த்தும் பார்க்காமலும் பேசிக்கொண்டே இருந்தார். கூட்டம் செருப்பைத் தேடிக்கொண்டு கலைந்தது. அந்த இரைச்சலில், மேடையின் நடுவில் நின்ற எலியாஸுக்கு அவருடைய உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. அவன் ட்ரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மனைவி பக்கம் வந்து குனிந்தான்.

"இன்னா சொல்றாரு?"

"உன்னைப் பத்திதான்" என்றாள் பிரேமகுமாரி. "கம்முனு கேளு."